நீ திருத்தாமல் விட்ட என் வரி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ பெங்களூர் பஸ் ஏறக் கிளம்பியபோது நான் வாசலுக்கு வரவில்லை. அப்பா மட்டும்தான் உன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். அடுத்த மாதம் வெளிநாடு போகிற பிள்ளையை இப்படியா அனுப்புவது என்று திரும்பி வந்து என்னிடம் கேட்டார். கேட்கட்டும். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, தீர்ந்துவிட்டதுபோல் நடிக்கவும் எனக்கு வராது. அன்று சாப்பாட்டு மேசையில் நாம் இருவரும் கத்திக்கொண்டதில் நான் சொல்ல வந்ததில் பாதி வெளியே வரவே இல்லை. நீ ஒன்று சொன்னால் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. நான் ஒன்று சொன்னால் உன் கை போனுக்குப் போனது. அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. உன்னைப் போல மற்றவர்களுக்காகக் கம்ப்யூட்டர் நிரல் எழுதிப் பொதுவில் வைக்கிற பிள்ளைகள் எல்லோரும் படிக்கட்டும் என்று இதையும் பொதுவிலேயே வைக்கப் போகிறேன். உன் பெயரையும், நீ எழுதிய லைப்ரரியின் பெயரையும் போடவில்லை. அம்மா என்கிற முறையில் அந்த அளவு சலுகை உனக்கு உண்டு. அதற்கு மேல் இல்லை.

வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நானும் ஒரு மேசையும்தான். மில் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள், நாற்பது வயதுக்குமேல் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு மெஷின் என்று முதல் நாளே மெசேஜ் அனுப்புகிற புரோகிராம் நான் எழுதியது. அதில் நேரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிற பகுதி மட்டும் உன்னுடையது. நீ காலேஜில் மூன்றாம் வருடம் படிக்கும்போது கோடை விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து எழுதினாயே, அந்த லைப்ரரி. லைப்ரரி என்றால் புத்தகம் வைக்கிற இடம் இல்லை. ஒருவர் எழுதி வைத்த ஆயத்த நிரலை மற்றவர்கள் எடுத்துத் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்வது. உள்ளே என்ன இருக்கிறது என்று எடுப்பவர் பார்ப்பதில்லை. இதைக் கொடுத்தால் இது கிடைக்கும் என்று விளக்கப் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்பித்தான் எடுக்கிறார்கள்.

அந்த விளக்கப் பக்கத்தை எழுதியது யார் என்று இப்போது உன் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். "இத எப்படிடா உபயோகிக்கிறது?" என்று நான் கேட்டபோது, "புரோகிராமப் படிச்சா தெரியும்மா" என்று சொல்லிவிட்டு நீ கிரிக்கெட் விளையாடப் போய்விட்டாய். நான் உட்கார்ந்து உன் நிரலை வரி வரியாகப் படித்து, நானே ஓட்டிப் பார்த்து, அதில் தனித்தனி வேலை செய்கிற ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் என்ன கொடுக்க வேண்டும், என்ன வரும் என்று தமிழில் எழுதினேன். பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். நீ வந்து இங்கிலீஷை மட்டும் திருத்தினாய். "உங்கள் சுவரில் மாட்டிய கடிகாரம் என்ன நேரம் காட்டுகிறதோ அதையே கொடுங்கள், மாற்றுகிற வேலை எங்களுடையது" என்று நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தாய். "அம்மா, எந்த டாக்குமென்ட்லயும் இப்படி ஒரு வரி இருக்காது" என்றாய். ஆனால் அழிக்கவில்லை. உன் லைப்ரரியை நூறு பேர் எடுத்தபோதும், பிறகு உன் கம்பெனி அதையே தன் வேலைக்கு வைத்துக்கொண்டு உன்னையும் சேர்த்துக்கொண்டபோதும் அந்த வரி அங்கேயே இருந்தது. எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஞானமுத்து அண்ணாச்சியை உனக்குத் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் குடியிருக்கிற தையல்காரர். வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, மனைவி ஜெபக்கனியோடு பஸ் ஏறி இங்கே டயாலிசிஸுக்கு வருகிறார். நாலு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ போனில் நாளை மாற்றிச் சொல்லி, அவர் ஒரு செவ்வாய்க்கிழமை வீணாக வந்து திரும்பினார். அன்று நான்தான் அவரை உட்காரவைத்து, "அண்ணாச்சி, இனிமே போன்ல யார் என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க. மெசேஜ்ல என்ன வருதோ அதான் நேரம். அது தப்பவே தப்பாது" என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "மேடம் சொல்லிட்டாவ, பொறவென்ன" என்று ஜெபக்கனியிடம் சொன்னார். இதை நீ நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்.

எங்கள் புரோகிராமை வைத்திருக்கிற சர்வர்காரர்கள், பழையதெல்லாம் இந்த மாதத்தோடு ஓடாது, எல்லாவற்றையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அதனால் ஒரு சனிக்கிழமை உன் லைப்ரரியின் புது வெர்ஷனைப் போட்டேன். போடுவதற்கு முன் விளக்கப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பக்கத்தின் மேலே புது வெர்ஷனின் எண் இருந்தது. கீழே என் வரி. சுவரில் மாட்டிய கடிகாரம். என் வீட்டுக்குள் நானே நுழைந்ததுபோல இருந்தது. எதுவும் மாறவில்லை என்று நினைத்தேன். என் போனுக்கு ஒரு சோதனை மெசேஜ் அனுப்பினேன், வந்தது. பெயரைப் பார்த்தேன், எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். நேரம் சரியா என்று பார்க்கவில்லை. அது என் தப்பு. அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மெசேஜ்கள் போயின. திங்கட்கிழமை காலை ரிசப்ஷனில் இருக்கும் பெண் எனக்குப் போன் பண்ணிச் சிரித்தாள். "மேடம், நாலு மணி ஷிஃப்ட் ஆளுகளுக்கு ராத்திரி ஒன்பதரைன்னு போயிருக்கு. எல்லாரும் கேலி பண்றாங்க." நான் சிரிக்கவில்லை. நாலுக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் ஐந்தரை மணி நேரம். நம் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்த எண் பார்த்ததுமே பிடிபடும். உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள தூரம் அது. உன் ஃபங்ஷன் இப்போது உள்ளூர் நேரத்தை வாங்கவில்லை, உலக நேரத்தை வாங்கி அதில் ஐந்தரையைக் கூட்டித் தருகிறது. நான் சுவர்க் கடிகார நேரத்தைக் கொடுத்தேன், அதன்மேல் கூட்டிவிட்டது. ஓடிப்போய் உட்கார்ந்து எல்லோருக்கும் போன் போட்டோம். ஒன்பதரை, நாலரை என்று மெசேஜ் வந்தவர்களை உடனே சரி செய்ய முடிந்தது. அவர்களுக்கே அது நம்பும்படி இல்லை. காலை ஆறு மணிக்காரர்களுக்குப் பதினொன்றரை என்று போயிருந்தது. அந்த வாரம் ஐந்து மெஷினில் ஒன்று பழுது, ஷிஃப்ட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரை என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இருந்தும் மற்றவர்கள் பழக்கத்தில் ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள். வராதவர் ஒரே ஒருவர்.

டெக்னீஷியன் ஆறரைக்கே அவர் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறான். ஜெபக்கனி எடுத்து, "இல்லைய்யா, மெசேஜ்ல பதினொன்றரைன்னுதான் வந்திருக்கு. போன்ல சொல்றத நம்பக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காவ" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவனுக்கு மறுபடி கூப்பிட நேரமில்லை. அவசரமாக வந்த வேறொரு நோயாளிக்கு அந்தப் படுக்கையைக் கொடுத்துவிட்டான். அவன்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணாச்சி பத்தேமுக்காலுக்கே வந்துவிட்டார், நேரத்துக்கு முன்னாலேயே வந்த திருப்தியோடு. அடுத்த ஷிஃப்ட்டில் நாலு பேரும் வந்து படுத்திருந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பயமில்லை, மூன்று மணிக்கு முதலில் காலியாகிற மெஷினில் போடலாம் என்றார். ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளி. உடம்பில் தண்ணீர் அதிகம் சேர்ந்திருக்கிற நாள் திங்கட்கிழமைதான். நான் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், முப்பது சட்டை வெட்டி வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணிக்கு இருமினார். சற்று நேரத்தில் பேச்சு நின்றது. வாயைத் திறந்து திறந்து மூடினார், காற்று உள்ளே போகவில்லை. என் கையைப் பிடித்தார், தம்பி. அந்தப் பிடி இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. ஜெபக்கனி, "ஏசுவே, ஏசுவே" என்று கத்திக்கொண்டு வராந்தாவில் ஓடினாள். தூக்கிக்கொண்டு போய் ஆக்சிஜன் வைத்து, படுத்திருந்த ஒருவரைப் பாதியில் எழுப்பி அந்த மெஷினில் இவரைப் போட்டார்கள். ஐசியூவில் மூன்று நாள் இருந்தார். பிழைத்தார். இதயம் முன்பைவிடப் பலவீனமாகிவிட்டது, இனித் தையல் மெஷின் மிதிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலமே உனக்குப் போன் பண்ணினேன். நான் அழுதுகொண்டே சொன்னதை நீ முழுதாகக் கேட்டாய். அதற்குப் பிறகு நீ சொன்ன முதல் வாக்கியம், "அம்மா, அது மாற்றக் குறிப்புல இருக்கே" என்பதுதான். இருந்தது. தேடிப் பார்த்தேன். புது வெர்ஷனில் மாறியவற்றைச் சொல்கிற நாற்பது வரிப் பட்டியலில் இருபத்தேழாவது வரி: நேரத்தைக் கையாளும் முறை மேம்படுத்தப்பட்டது. மேம்படுத்தப்பட்டது! ஆறு மணி பதினொன்றரை ஆவதற்குப் பெயர் மேம்பாடு. அந்த வரியை எழுதியவனுக்கு, அதைப் படிக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு ஒரு நொடியாவது வந்ததா?

மாற்றியது தப்பு என்று நான் சொல்லவில்லை. கோடையில் கடிகாரத்தைத் தள்ளி வைக்கிற நாடுகளில் உள்ளூர் நேரத்தை நம்பிக் கணக்குப் போட முடியாது என்று நீ விளக்கினாய். எனக்கும் புரிந்தது. நானாக இருந்தாலும் மாற்றியிருப்பேன். ஆனால் மாற்றியவன் கை, பக்கத்தில் இருந்த இன்னொரு கோப்புக்குப் போகவில்லையே. ஃபங்ஷனை மாற்ற உனக்கு நேரம் இருந்தது. அதைச் சோதிக்கிற நிரல்களை மாற்ற நேரம் இருந்தது. விளக்கப் பக்கத்தின் தலையில் வெர்ஷன் எண்ணை மட்டும் தானாக மாறும்படி செய்து வைக்கவும் நேரம் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் இது புதுப் பக்கம் என்று நான் நம்பினேன். பழைய வரிக்குப் புதுச் சட்டை போட்டு நிறுத்தியிருக்கிறாய். பக்கமே இல்லாமல் இருந்திருந்தால்கூட நான் உன் நிரலைத் திறந்து படித்திருப்பேன். எழுதாமல் விட்டால் தேடுவோம். தப்பாக எழுதி வைத்தால் தேட மாட்டோம்.

அதைவிட மோசமான ஒன்றை மறுநாள் கண்டுபிடித்தேன். உங்கள் லைப்ரரியின் புகார்ப் பட்டியலில் தேடினேன். "நேரம் பற்றிய விளக்கப் பக்கத்தைத் திருத்த வேண்டும்" என்று பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு குறிப்பு. எழுதியவன் நீ. மாற்றிய அன்றே எழுதியிருக்கிறாய். பக்கத்திலேயே, அவசரம் இல்லை என்று ஒரு பட்டை ஒட்டியிருக்கிறாய். அதற்குக் கீழே, ஏதோ ஒரு தேசத்திலிருந்து ஒருவர், இந்தப் பக்கத்தை நம்பி என் நாள் முழுவதும் வீணாயிற்று, தயவுசெய்து திருத்துங்கள் என்று தனியாக ஒரு புகார் எழுதியிருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து, இதில் யாரும் பேசவில்லை, ஆகவே மூடப்படுகிறது என்று நீங்கள் வைத்திருக்கிற இயந்திரம் அதைத் தானாக மூடியிருக்கிறது. பேச வேண்டியவன் நீ. நீ பேசாததையே காரணம் காட்டி அவர் வாயை மூடியிருக்கிறாய். அதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன். தெரியாமல் நடந்தது என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்திருக்கிறது.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்த பிறகு நான் மடவார் வளாகத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் போகச் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். முன்னறையில் தையல் மெஷின்மேல் போர்வை போட்டு மூடியிருந்தது. வெட்டின சட்டைத் துணிகளை யாரோ மூட்டை கட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள், வேறு டெய்லரிடம் கொடுக்க. நான் நின்றுகொண்டே சொன்னேன், நேரம் தப்பாகப் போனது என் புரோகிராமில், நான் சரியாகப் பார்க்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்று. ஜெபக்கனி என்னை உட்காரச் சொல்லவில்லை.

"போன் பண்ணின பையன்ட்ட நான்தானம்மா வரமாட்டோம்னு சொன்னேன். எம்புட்டு நாளா அத நினைச்சு நினைச்சு நான் சாவுதேன் தெரியுமா? அவியள நானே கொல்லப் பாத்தேனோன்னு."

"நீங்க இல்லம்மா. நான் சொன்னதத்தான் நீங்க செஞ்சீங்க."

அண்ணாச்சி மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "மெசேஜ் எப்படித் தாயி தப்பா போச்சு?" என்று கேட்டார். மறைக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னொருவர் எழுதியதை எடுத்துப் போட்டிருந்தேன், அவர் அதை மாற்றிவிட்டு, எழுதி வைத்த பக்கத்தை மாற்றவில்லை என்று சொன்னேன்.

"பக்கம் தப்புன்னு அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எம்புட்டு நாளா?"

"பதினாலு மாசமா."

ஜெபக்கனி, "பதினாலு மாசமா தெரிஞ்சு வச்சிருந்தாவளா? யாரும்மா அது?" என்று கேட்டாள். என் மகன் என்று நான் சொன்னேன், தம்பி. சொல்லிவிட்டு அந்த இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். பிறகு அவள் எனக்கு நாற்காலியை எடுத்துப் போட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் நீ விடைபெற வீட்டுக்கு வந்தாய். இந்த வீட்டில் யாராவது ஒருவர் உன்மேல் பரிதாபப்படுவார் என்று எதிர்பார்த்து வந்தாயோ என்னவோ. நீ சொன்னதை எல்லாம் அப்படியே எழுதுகிறேன், நியாயமாக. "வெர்ஷன்ல மொத எண் மாறிருச்சும்மா. மொத எண் மாறினா பழசு உடையும்னு உலகத்துக்கே தெரியும். நீங்க டெஸ்ட் பண்ணியிருக்கணும். நான் இத சும்மா குடுக்கேன், எவனும் எனக்குச் சம்பளம் தரல அதுக்கு." இப்போது தருகிறார்களே என்று நான் கேட்டேன். "டாக்குமென்ட் எழுத எவனுக்கும்மா நேரம் இருக்கு?" என்றாய். அப்பா அதுவரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மில்லில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்த மனுஷன், நாம் பேசுவதில் முக்கால்வாசி அவருக்குப் புரியாது. "ஏலே, நாங்க மெஷின்ல பல்சக்கரத்த மாத்தினா, பக்கத்துல தொங்குத அட்டையிலயும் மாத்தி எழுதிட்டுத்தான்லே ஷிஃப்ட்ட விட்டு வெளிய வருவோம். எழுதாம வந்தா சூப்பர்வைசர் திரும்ப உள்ள அனுப்பிருவாரு" என்றார். "அப்பா, இது மில்லு இல்ல" என்று நீ சொன்னாய். அந்தக் குரல்தான் என்னைக் கத்த வைத்தது. அப்பாவிடம் அப்படிப் பேச உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். கோபத்தோடு சொல்ல முடியாத ஒன்று, அதனால்தான் அன்று மேசையில் சொல்ல வரவில்லை. நீ காலேஜ் முதல் வருடத்தில் லீவுக்கு வந்திருந்தாய். அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை எந்த வேளைக்கு எத்தனை என்று நான் ஒரு தாளில் எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருந்தேன். டாக்டர் ஒன்றை அரையாகக் குறைத்திருந்தார். நான் ஞாபகமாக அரை கொடுத்துக்கொண்டிருந்தேன், தாளை மாற்றவில்லை. நான்தானே கொடுக்கிறேன், எனக்குத் தெரியுமே என்ற நினைப்பு. ஒரு நாள் நான் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தபோது நீ கொடுத்தாய், தாளைப் பார்த்து ஒன்று கொடுத்தாய். அப்பா குளியலறையில் தலை சுற்றி விழுந்து நெற்றியில் மூன்று தையல். நான் வந்ததும் உன்னைத்தான் திட்டினேன். "ஒரு வார்த்தை போன்ல கேட்டா என்ன, படிச்ச பிள்ளதான நீ?" என்று அக்கம்பக்கத்தார் முன்னால் கேட்டேன். நீ அந்தத் தாளைக் காட்டிக்கொண்டு நின்றாய். நான் அதை உன் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்துப் போட்டேன். தப்பு உன்னுடையது அல்ல என்று அன்றே எனக்குத் தெரியும். இத்தனை வருடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: நீ சரியாகத்தான் செய்தாய். எழுதியிருந்ததைச் செய்தாய். தப்பு செய்தவள் நான், அதோடு உன்னைக் குற்றவாளியாக நிற்கவும் வைத்தேன். என்னை மன்னித்துக்கொள்.

அன்று மேசையில் நீ இதைச் சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு வாயடைத்துப் போயிருக்கும். நீ சொல்லவில்லை. மறந்துவிட்டாயா, அல்லது என்மேல் இரக்கப்பட்டாயா, தெரியாது. ஆனால் "நீங்க டெஸ்ட் பண்ணியிருக்கணும்" என்று நீ சொன்னபோது, அதே வார்த்தையை நான் உன்னிடம் சொன்ன நாள்தான் எனக்குக் கேட்டது. கேட்டிருக்க வேண்டும், பார்த்திருக்க வேண்டும், படித்த பிள்ளைதானே. எழுதியதை நம்பியவர்மேல் பழியைத் திருப்புவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும், நான் செய்திருக்கிறேன். அதனால்தான் உன்னிடம் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. என் தாள் ஒரு ஃபிரிஜ் கதவில் இருந்தது. உன் பக்கம் எத்தனை ஊரில், எத்தனை ஆஸ்பத்திரியில், எத்தனை பேர் மேசையில் திறந்திருக்கிறது என்று உனக்கே தெரியாது. தெரியாதவனுக்குத்தான் பயம் அதிகம் இருக்க வேண்டும். உனக்கு அது இல்லாததைப் பார்த்துத்தான் நான் பயந்துபோனேன். அங்கே போனதும் உனக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்ப்பார்கள் என்று பெருமையாகச் சொன்னாய். விளக்கப் பக்கம் என்பது நேரம் கிடைத்தால் பார்க்கிற வேலை என்று அந்த ஆறு பேரும் உன்னிடமிருந்து கற்றுக்கொள்ளப் போகிறார்களா?

நீ பஸ் ஏறிய மறுநாள் நான் லீவு போட்டு உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். என் சுவர்க் கடிகார வரியை நானே அழித்தேன். பழைய வெர்ஷனில் என்ன, புது வெர்ஷனில் என்ன, எதை மாற்ற வேண்டும் என்று உதாரணத்தோடு எழுதினேன். இன்னொன்றும் செய்தேன். பக்கத்தில் உள்ள உதாரணங்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொரு முறை நிரல் மாறும்போதும் தானாக ஓட்டிப் பார்த்து, பக்கத்தில் எழுதியிருக்கிற விடை வராவிட்டால் அந்த மாற்றத்தையே உள்ளே விடாதபடி ஒரு சோதனை எழுதிச் சேர்த்தேன். முழுதாக ஒரு பகல்கூட ஆகவில்லை. பதினாலு மாதம் நேரம் கிடைக்காத வேலை அது. மகனுக்கு அனுப்புவதுபோல் அனுப்பவில்லை; ஊர் பேர் தெரியாத யாரோ அனுப்புவதுபோல் வெளியார் அனுப்பும் திருத்தங்களுக்கான உங்கள் வரிசையில் போட்டேன். புதன்கிழமை நீ ஏற்றுக்கொண்டாய். ஒரு கட்டைவிரல் படம் போட்டிருந்தாய். ஒரு வார்த்தை எழுதவில்லை. போய்ப் பார்த்தேன், பக்கம் இப்போது சரியாக இருக்கிறது. அதற்கு நன்றி. அந்தக் கட்டைவிரலை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கம் சரியானதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைக்கக்கூடும். மெசேஜ்களும் சரியாகத்தான் போகின்றன, ஒவ்வொரு முறையும் அனுப்பும் முன் நானே கண்ணால் பார்க்கிறேன். ஞாயிறு, செவ்வாய், வியாழன் சாயங்காலம் நாலு மணிக்குப் போகும். நாலு பத்துக்கு என் போன் அடிக்கும். ஞானமுத்து அண்ணாச்சி.

"மேடம், ஆறுன்னு வந்திருக்கு. ஆறு தானா?"

"ஆறு தான் அண்ணாச்சி."

"காலைல ஆறா?"

"காலைல ஆறு தான்."

மூச்சு மட்டும் கேட்கும். பிறகு, "சரி தாயி. கோவிச்சுக்கிடாதீய. எதுக்கும் நர்சம்மாட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்பார். நேற்றும் அப்படித்தான். நான் என்ன சொல்ல முடியும்? கேட்டுக்கோங்க அண்ணாச்சி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் எண்ணை உனக்கு அனுப்பியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மெசேஜ் போனதும், அவர் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீ அவரைக் கூப்பிடு. நீ யார் என்று சொல். நாளைக்குக் காலை ஆறு மணி என்று உன் வாயால் சொல். அவர் திரும்பக் கேட்பார், பொறுமையாகத் திரும்பச் சொல். உன்னிடம் அவர் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிட்டு, வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ள வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல். அதற்குப் பிறகு எனக்குப் போன் பண்ணு. அதற்கு முன்னால் வேண்டாம்.

அம்மா